இருட்டை எண்ணும் அவரை

கிருஷ்ணகிரியில் வருஷத்தின் மிக நீண்ட பகல் ஆனியில் வருகிறது. சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னால் எழுந்து, ஆறே முக்கால் வாக்கில் மறையும். மிகக் குறுகிய பகல் மார்கழியில். ஆறரைக்குத்தான் வெளிச்சம் எட்டிப் பார்க்கும், மாலை ஆறுக்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லண்டனில் இதே வித்தியாசம் எட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

அதனால், பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி, முட்டையிடும் பறவை என்றெல்லாம் பாடத்தில் வரும்போது எங்கள் பிள்ளைகள் அதைப் பனி விழும் தேசத்துச் சமாசாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவன். "சார், நம்ம ஊர்லதான் எல்லா நாளும் ஒண்ணா இருக்கே" என்று யாராவது ஒருத்தர் வருஷா வருஷம் சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் கூப்பிடும் சாட்சி அவரைக்காய்.

இந்தப் பக்கத்து ராகிக் கொல்லைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலைந்து சால் ராகிக்கு ஒரு சால் அவரையோ மொச்சையோ ஓடும். 'ஆடி அவரை தேடிப் போடு' என்று பெரியவர்கள் சொல்வது சும்மா எதுகைக்காக இல்லை. பழைய நாட்டு அவரையை ஆடியில் ஊன்றினால், ஆவணி, புரட்டாசி முழுக்கக் கொடியும் இலையுமாக ஓடிக்கொண்டிருக்கும். பொழுது குறுகி வரும்போதுதான் பூவெடுக்கும். மார்கழி, தையில் ஓசூர்ப் பக்கம் எந்தச் சந்தைக்குப் போனாலும் மொச்சைக் குவியல்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு மாதம் தாமதமாக ஊன்றினாலும் கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான் பூக்கும், செடி மட்டும் சின்னதாக இருக்கும். அதையே மாசியில் ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் காட்டக் காட்டப் பந்தல் பச்சையாகப் படரும், ஒரு காய் கிடைக்காது. அடுத்த ஐப்பசி வரைக்கும் மாட்டுக்கு இலைதான்.

புரட்டாசியில் எங்கள் ஊரில் பகல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. கையில் வாட்ச் கட்டிய நமக்குத் தெரியாத அந்த வித்தியாசம், வேலியோரக் கொடிக்குத் தெரிகிறது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மழை ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் ஏமாற்றும். தருமபுரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரும் அப்படித்தான். ஆனால் ஐப்பசி பத்தாம் தேதியின் பகல் நீளம் என் கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்த அதே நீளம்தான். நம்பிப் பூக்க வேண்டுமென்றால் அதை நம்பலாம்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உயிர்களால் இத்தனை சின்ன மாற்றத்தை உணர முடியுமா என்று ஆய்வாளர்களுக்கே வெகுநாள் சந்தேகம் இருந்தது. நம்மைவிடவும் நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமான பனாமாவின் காட்டில் எறும்புப் படைகளின் பின்னால் போய் இரை பிடிக்கும் ஒரு சின்னப் பறவையை வைத்து மிக்கேலா ஹௌவும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். பகல் நீளத்தை வெறும் 17 நிமிடம் கூட்டியதுமே பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. 1998-இல் வெளியான ஆய்வு. இந்த 17 நிமிடத்தை வகுப்பில் சொல்லும்போது பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் அவரையைவிட நல்ல பாடம் சாமந்தி. அதற்கு ராத்திரியில் போக வேண்டும்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் வழியில், இருட்டிய பிறகு, திடீரென்று ஒரு வயல் முழுக்கப் பல்புகள் எரிவதைப் பார்க்கலாம். கம்பு நட்டு, ஒயர் இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் வரிசை வரிசையாக எல்.இ.டி. பல்புகள். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். கல்யாணம் இல்லை, சாமந்தி. என் சித்தப்பாவும் போடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை: "ராத்திரி ஆயிடுச்சுன்னு செடிக்குத் தெரியக் கூடாதுப்பா. தெரிஞ்சா அரையடியிலேயே மொட்டு கட்டிக்கும்."

சாமந்தி குறும்பகல் செடி. பல ரகங்களுக்குப் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் மொட்டு வைக்கத் தோன்றிவிடும். ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ கோடையில் நீண்ட பகலில் நன்றாக வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பூக்கும். நம் ஊர் நிலைமை வேறு. இங்கே மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதாவது சாமந்தியின் கணக்கில் கிருஷ்ணகிரியில் பன்னிரண்டு மாதமும் பூக்கும் காலம். எப்போது நாற்று நட்டாலும், உடம்பு வளர்வதற்கு முன்னாலேயே பூக்கப் பார்க்கும். குட்டைச் செடி, நாலு பூ, நஷ்டம். அதனால் நட்டதிலிருந்து ஒரு மாதம், நாற்பது நாள் இரவில் சில மணி நேரம் பல்பு. செடி வளர்ந்து கிளை விட்டதும் பல்பை அணைத்துவிடுவார்கள். அங்கிருந்து மொட்டு வந்து பூ விரிய எத்தனை வாரம் என்று ரகத்துக்கு ரகம் தெரியும். ஆயுத பூஜைக்கா, கார்த்திகைக்கா, பொங்கலுக்கா என்று பின்னாலிருந்து எண்ணி, அணைக்கும் தேதியைக் குறித்துவிடலாம். சித்தப்பா இதை விதை நிறுவனத்தின் பழைய காலண்டரில் சிவப்புப் பேனாவில் குறிக்கிறார்.

இந்தப் பல்பு வெளிச்சத்தில் செடி சமைத்துச் சாப்பிட முடியாது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இது உணவு இல்லை, செய்தி. இந்தச் செய்தியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அழகான கதை.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியில் ஒரு புகையிலை ரகம் கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. கார்னரும் அல்லார்டும் உரம், வெப்பம், ஈரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் களைத்து, கடைசியில் செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். பூத்தது. 1920-இல் எழுதினார்கள். பகலின் நீளம்தான் சாவி என்று உலகம் ஒத்துக்கொண்டது. 1938-இல் ஹாம்னரும் பானரும் அந்தச் சாவியைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் எடுத்தது நம் ரோட்டோரத்தில், முள்காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மருளூமத்தை. பகலின் நடுவே கொஞ்சம் இருட்டுக் கொடுத்தார்கள், செடி கண்டுகொள்ளவில்லை. இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினார்கள், பூக்கவே இல்லை. ஆக, செடி எண்ணிக்கொண்டிருந்தது பகலை இல்லை. உடையாத, தொடர்ச்சியான இருட்டை. குறும்பகல் செடி என்று பெயர் நிலைத்துவிட்டது. நெடு இரவுச் செடி என்பதுதான் உண்மை.

அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் நிறமி ஃபைட்டோகுரோம். சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், அதைவிட நீண்ட அலையுள்ள தொலைசிவப்பு பட்டால் இன்னொரு வடிவம் என்று மாறி மாறி நிற்கும். இலைகள்தான் இருட்டை எண்ணுகின்றன, மொட்டு வரும் நுனி இல்லை. இதைக் காட்டியதில் சாமந்திக்கே பங்குண்டு. சோவியத் அறிஞர் மிகயில் சைலக்யான் சாமந்தியின் இலைகளுக்கு மட்டும் குறும்பகலும், இலை நீக்கிய நுனிக்கு நெடும்பகலும் கொடுத்தார். பூத்தது. இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு பொருள் பயணிக்கிறது என்று 1937-இல் சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். பல பேர் தேடி அலுத்தார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றும் சிலர் முடிவு கட்டினார்கள். 2007-இல்தான் அது ஒரு சிறு புரதம் என்று உறுதியானது. எழுபது வருஷம். சைலக்யான் அதைப் பார்க்க இல்லை, 1991-இல் காலமாகிவிட்டார்.

எல்லாச் செடியும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம். மாமரம் பகல் நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. முற்றிய கொப்பும், மார்கழிக் குளிர் இரவும் சேர்ந்தால் பூ வைக்கும். குளிர் ஏய்த்த வருஷம் பூக்குப் பதில் துளிர்தான் வரும். அதனால்தான் இங்கே தோப்புக்காரர்கள் பல்பு வாங்குவதில்லை, துளிர் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் கல்டார் என்ற மருந்தை வாங்கி வேரில் ஊற்றுகிறார்கள். கிளிமூக்கு மாம்பழக் கூழ் ஆலைகளின் கதை வேறு ஒரு நாள் எழுத வேண்டியது.

இருட்டு எவ்வளவு நேரம் என்று அளக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு கடிகாரம் இருக்க வேண்டும். 1936-இல் எர்வின் பூனிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சொன்னது இதைத்தான்: செடிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாள் சுழற்சியே பருவத்தையும் அளக்கும் கோல். அப்போது அதிகம் பேர் நம்பவில்லை.

அந்த நாள் சுழற்சியை யார் முதலில் எழுதி வைத்தார் என்று பார்த்தால், கதை நமக்குப் பழக்கமான மரத்தில் போய் நிற்கிறது. அலெக்சாந்தரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்தார். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு. அந்த மரம் புளியமரம் என்பதுதான் பரவலான கருத்து. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சாலைகளில் எஞ்சியிருக்கும் புளியமரங்களின் கீழ் அந்திக்கு நின்று பார்த்தால் அவர் பார்த்ததைப் பார்க்கலாம். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக முகம் சேர்த்துக்கொள்ளும். பகலில் அடர்ந்திருந்த நிழல்மரம் திடீரென்று மெலிந்த மாதிரி இருக்கும். ராத்திரியில் அதன் அடியில் படுக்காதே என்று என் ஆயா மிரட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. நிரூபிக்க வழியில்லை.

இலை மூடுவது வெளிச்சம் போனதால்தானே என்று யாருக்கும் தோன்றும். 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் த மேரான் ஒரு தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாமலும் அது நேரத்துக்கு விரிந்தது, நேரத்துக்கு மூடியது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு தொட்டிச் செடியை அலமாரிக்குள் பூட்டி, பிள்ளைகளை முறை வைத்துத் திறந்து பார்க்கச் சொல்வேன். அந்தப் பள்ளி வராந்தாவில் அவ்வளவு அமைதியாக அவர்கள் நடப்பது அந்த வாரம் மட்டும்தான். 1832-இல் த கண்டோல் இன்னொன்றைக் கவனித்தார். தொடர்ந்து ஒரே மாதிரி சூழலில் வைத்தால் அந்தச் செடியின் நாள் 24 மணி நேரமாக இருப்பதில்லை, 22, 23 மணி நேரமாக ஓடுகிறது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று தாளம் போடுகிறது என்றால் அது துல்லியமாக 24-ஆக அல்லவா இருக்க வேண்டும்? கடிகாரம் உள்ளேதான், தினமும் சூரியன் அதைத் திருத்தி வைக்கிறது.

உள்ளே என்றால் எங்கே? 1971-இல் கொனொப்காவும் பென்சரும் பழ ஈக்களில் ஒரே ஒரு மரபணு பழுதானதால் நாள் 19 மணியாகச் சுருங்கியவை, 28 மணியாக நீண்டவை, நாளே இல்லாதவை என்று மூன்று வகையைக் கண்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் சேர்ந்து சேர்ந்து, போதுமான அளவு வந்ததும் தன் மரபணுவையே நிறுத்திவிடும். பிறகு சிதைந்து குறையும், மறுபடி உற்பத்தி ஆரம்பிக்கும். மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை மாதிரி. ஒரு சுற்றுக்கு ஒரு நாள். இதன் விவரங்களைப் பிரித்துக் காட்டிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் கிடைத்தது. பென்சரும் கொனொப்காவும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

ஈயை விடுங்கள், எங்கள் ஜில்லாவுக்கு உரிய பூச்சி பட்டுப்புழு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடி தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. என் அத்தை பாலக்கோட்டுப் பக்கம் மல்பெரி வைத்து வருஷம் முழுக்கப் புழு வளர்க்கிறார். இப்போதெல்லாம் சாக்கி சென்டரிலேயே பொரிக்க வைத்து, இரண்டாவது தோல் உரித்த இளம்புழுவாகக் கொண்டுவந்து தருகிறார்கள். முன்பு முட்டை அட்டையை வாங்கி வந்து அத்தையே பொரிக்க வைப்பார். அப்போது செய்த ஒரு காரியம் எனக்குச் சின்ன வயதில் மந்திரம் போலத் தெரிந்தது.

முட்டைக்குள் ஒரு கரும்புள்ளி தெரிய ஆரம்பித்ததும் அட்டைகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது. முட்டை நீலம் பாய்ந்து நிற்கும். குறித்த நாள் விடியற்காலை காகிதத்தைப் பிரித்து வெளிச்சம் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் அட்டை முழுக்கக் கறுப்பு மயிர்ப்புழுக்கள் நெளியும். நேற்றே பொரிக்கத் தயாராக இருந்தவையும் இன்று தயாரானவையும் ஒன்றாக வெளியே வரும்.

பொரிப்பது முட்டைக்குள் இருக்கும் புழுவின் இஷ்டத்துக்கு எந்த நேரமும் நடப்பதில்லை. விடியலையொட்டி ஒரு கதவு திறக்கும். அதைத் தவறவிட்ட புழு அடுத்த விடியல் வரைக்கும் காத்திருக்கும். இருட்டில் வைத்தால் முந்திக்கொள்ள வழியில்லாமல் எல்லாம் ஒரே கதவுக்கு வந்து சேர்கின்றன. இதனால் என்ன லாபம் என்பது புழு வளர்த்தவர்களுக்குப் புரியும். ஒரே தட்டில் பாதி புழு தோலுரிக்கப் படுத்திருக்க, பாதி இலை கேட்டால் வளர்ப்பவர் பாடு திண்டாட்டம். படுத்ததற்கு இலை போட்டால் ஈரத்தில் நோய், போடாவிட்டால் மற்றது பட்டினி. இருபத்தைந்து நாள் உழைப்பும் முதல் நாள் காலை எல்லாம் ஒன்றாக வந்ததா என்பதில் தொங்குகிறது.

கூட்டிலிருந்து பட்டுப்பூச்சி வெளியே வருவதும் அதிகாலையில்தான். விதை முட்டை உற்பத்தி செய்யும் இடங்களில் ஆட்கள் விடியலுக்கு முன்னால் வேலைக்கு வருவது அதனால்தான். இந்தக் கடிகாரம் பூச்சியின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதை ட்ரூமனும் லின் ரிடிஃபோர்டும் 1970-இல் காட்டிய விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் நடுக்கம். இரண்டு காட்டுப் பட்டுப்பூச்சி இனங்கள். ஒன்று காலையில் கூட்டைவிட்டு வரும், இன்னொன்று பொழுது சாயும் முன். இரண்டின் மூளையையும் எடுத்து மாற்றி வைத்தார்கள், அதுவும் தலையில் வைக்கவில்லை, வயிற்றுக்குள். காலைப்பூச்சி மாலையில் வந்தது, மாலைப்பூச்சி காலையில் வந்தது. நரம்பு இணைப்பு எதுவும் இல்லை. மூளை ஏதோ ஒரு சுரப்பை விட்டு நேரம் சொல்லியிருக்கிறது.

பருவமும் இதே பூச்சியில் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தலைமுறை காணும் இரு பருவ இனங்களில், முட்டையை 25 டிகிரியில் வெளிச்சத்தில் வைத்துப் பொரித்தால், அதிலிருந்து வரும் தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் உறங்கிவிடும், குளிர்காலம் கடந்தால்தான் பொரிக்கும். 15 டிகிரியில் இருட்டில் வைத்துப் பொரித்திருந்தால், அதே தாய் இடுவது உடனே பொரிக்கும் முட்டைகள். தான் கருவாக இருந்தபோது உணர்ந்த பருவத்தைப் பிள்ளைகளுக்குச் சேதியாகக் கொடுக்கிறது தாய். அந்தச் சேதி ஒரு ஹார்மோன் என்பதை ஜப்பானில் ஃபுகுதாவும் ஹசெகாவாவும் 1950-களின் தொடக்கத்தில் கண்டார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஓசூரில் இருக்கிறது. உறங்கும் இனங்களும் உறங்காத இனங்களும் அங்கே அருகருகே பேணப்படுகின்றன.

ஓசூர் என்றதும் என் அத்தை மகன் ஞாபகம். சிப்காட்டில் ஒரு ஆலையில் வேலை, பேர் வேண்டாம். வாரம் ஒரு ஷிஃப்ட். நைட், பிறகு செகண்ட், பிறகு ஃபர்ஸ்ட் என்று பின்னோக்கிச் சுழல்கிறது. இதை யார் தீர்மானித்தார்களோ, அவர்கள் உயிரியல் படித்தவர்களாக இருக்க முடியாது. மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று, வெளிச்சக் குறிப்பு எதுவும் இல்லாமல் அளந்தால், சராசரியாக 24 மணி 11 நிமிடம். 1999-இல் ஹார்வர்டில் ஸைஸ்லர் குழு அளந்தது. நம் உடம்பு கொஞ்சம் தாமதப் பேர்வழி. தாமதமாகத் தூங்குவது அதற்கு எளிது, முன்கூட்டியே தூங்குவது கஷ்டம். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் பாதித் தொல்லை குறையும். அதற்குக் காசு செலவில்லை, ஒரு அட்டவணையைத் திருப்பி எழுதினால் போதும்.

கண்நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு நம் தலைமைக் கடிகாரம். கண்ணில் பார்வைக்கு உதவாத, வெளிச்சத்தை மட்டும் அந்த முடிச்சுக்குச் சொல்லும் அணுக்கள் தனியாக உண்டு. நைட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து மாப்பிள்ளை வீடு வருகிறான். காலை வெயில் முகத்தில் அடிக்கிறது. உடம்பு 'விடிந்துவிட்டது' என்று குறித்துக்கொள்கிறது. இரவு என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் சுரப்பு நின்றுபோகிறது. பிறகு படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? அதோடு விடியற்காலை மூன்று மணிக்குக் கேன்டீனில் சோறு. கல்லீரலுக்கு ஒரு கடிகாரம் உண்டு, அது சோற்றைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும். மூளை ஒரு நேரம், வயிறு ஒரு நேரம். 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதே இடத்தில் வைத்தது. இதையெல்லாம் அவனிடம் சொன்னால், "மாப்ள, இ.எம்.ஐ. யார் கட்டுவா?" என்பான். பதில் இல்லை.

அத்தைதான் வழி கண்டார். புழு ஷெட்டுக்கு வாங்கிய கறுப்புத் துணியில் மிச்சத்தை எடுத்து அவன் அறை ஜன்னலில் அடித்துவிட்டார். இருட்டு சரியாயிற்று, சத்தம் சரியாகவில்லை. மிக்ஸி, குக்கர், எதிர்வீட்டு டி.வி.

சத்தமும் நேரம் சொல்லும் என்பதை நிரூபித்தவர்கள் நம் மதுரைக்காரர்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார், பூனிங்கிடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இந்தியாவில் இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையானவர். அவரும் மாரிமுத்துவும் ராஜனும் குகைக்குள் வெளவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே எட்டாத இடம். மற்ற வெளவால்கள் தினமும் அந்தியில் போய் விடியலில் திரும்பும் குகையில், கூண்டு வெளவால் 24 மணி நேரத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத குகைக்கு மாற்றியதும் தன் சொந்த நேரத்தில் நழுவ ஆரம்பித்தது. கூட்டம் போகும் வரும் அரவம்தான் அதற்குச் சூரியன். 1981-இல் வந்த ஆய்வு. மனிதருக்குச் சூரியன்தான் பெரிய அதிகாரி, சத்தத்துக்குச் செல்வாக்கு குறைவு. ஆனாலும் ஊரே விழித்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் தூங்குவது எவ்வளவு பாடு என்று அந்தக் கூண்டு வெளவாலுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு பஞ்சாயத்து. போன வருஷம் சித்தப்பாவின் சாமந்தி வயலுக்கு வரப்பு ஒட்டிய கொல்லையில் ராகியும் நாட்டு அவரையும் போட்டிருந்தார்கள். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தும், வரப்பை ஒட்டிய சால்களில் மட்டும் பூ இல்லை. தள்ளியிருந்தவை எல்லாம் குலைகுலையாகப் பூத்துவிட்டன. பக்கத்துக் கொல்லைக்காரர் முதலில் சித்தப்பா அடித்த மருந்து மேல் சந்தேகப்பட்டார். இருவரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவர் மனைவிதான் கவனித்துச் சொன்னார்: பூக்காத சால்கள் சரியாகப் பல்பு வெளிச்சம் விழும் இடம் வரைக்கும்தான் இருக்கின்றன. என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள். மருளூமத்தைக் கதையைச் சொன்னேன். "அப்ப என் அவரைக்கு நீங்க ராத்திரியே விடல" என்று அவர் சித்தப்பாவைப் பார்த்துச் சொல்ல, சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நஷ்டத்துக்கு ஏதோ ஒரு தொகை பேசிக் கொடுத்தார்கள். இந்த வருஷம் வரப்போரத்து வரிசைப் பல்புகளுக்கு மேல் சித்தப்பா தகரத்தை வளைத்து மறைப்பு வைத்திருக்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் அதையும் முழுசாக நம்பாமல், பகல் இரவு பார்க்காத குத்து அவரை விதை எந்த ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டு வாங்கி வந்து, வரப்பை ஒட்டி நாலு சாலில் அதை ஊன்றியிருக்கிறார். மீதிக் கொல்லைக்கு நாட்டு அவரைதான். "குத்தவரையில ருசி இல்ல வாத்தியாரே" என்கிறார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.